மகள் மாதிரி என்று ஒரு கடிதம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். என் கணவர், பட்டாள உடுப்பில், தொப்பியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள். எங்களுக்கு முன்பே வந்து தன் எண்ணுக்காகக் காத்திருந்த ஒரு இளம்பெண். பார்லரில் நகங்களுக்கு அழகு செய்கிறவள் என்று அவள் விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. மூலையில் குடிதண்ணீர்க் கேனை மாற்றிக்கொண்டிருந்த ஒரு ஆள். நியூ ஜெர்சி ஐசலினில் எனக்கு வேலை கொடுத்த ஆன்ட்டியையும் ஆறாவதாகச் சேர்க்கவேண்டுமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் வரவில்லை, அவருடைய கடிதம் வந்திருந்தது. ஆளைத்தான் எண்ணவேண்டும் என்றால் ஐந்துதான்.

இடம் டெக்சஸ், ஆஸ்டின் நகரம். முடி வெட்டவும் புருவம் திருத்தவும் உரிமம் தருகிற அலுவலகம். வருடம் தொண்ணூற்றேழு. இலையுதிர் காலம் என்று காலண்டரில் போட்டிருந்தது, ஆனால் வெளியே ஏப்ரல் மாதத்துச் சென்னை வெயில். மடியில் ஒரு ஃபைல். அதற்குள் மூன்று காகிதங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒருமுறை, லிஃப்டில் ஒருமுறை, உட்கார்ந்தபிறகு இரண்டுமுறை அவற்றை எண்ணிவிட்டேன்.

"மூணுதாம்மா இருக்கும். நடுவுல ஓடிப்போகாது" என்றார் என் கணவர்.

என் பயம் காகிதம் ஓடிப்போவதைப் பற்றியது அல்ல. நியூ ஜெர்சியில் நான் வாங்கிய உரிமம் இங்கே செல்லுமா செல்லாதா என்பதைப் பற்றியது. நாங்கள் குடிவந்த பட்டாள முகாமின் வாசலுக்கு எதிரே ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. அதில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஒன்றாம் தேதிக்குள் டெக்சஸ் உரிமத்தோடு போனால் அந்த நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் வேறு யாருக்கோ. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

இதெல்லாம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் சென்னையில் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவர். அவர் அண்ணன் மூலமாக எங்களுக்கு கிரீன் கார்டு கிடைத்து, நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் வந்து இறங்கினோம். எங்கள் அபார்ட்மென்ட்டில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேலை அல்லது மருந்துக் கம்பெனி வேலை. இவர் மட்டும் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மாலுக்குச் செருப்பு வாங்கப் போனவர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு, செருப்பு வாங்காமல் திரும்பி வந்தார். வண்டி ரிப்பேர் பிரிவில் சேர்த்துக்கொள்கிறார்களாம். "எல்லாரும் கம்ப்யூட்டர் கத்துக்க அமெரிக்கா வந்தா, இவன் துப்பாக்கி கத்துக்க வந்திருக்கான்" என்று அவர் அண்ணன் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். இங்கே வந்து, பள்ளி முடித்ததற்குச் சமமான ஒரு தேர்வை இரண்டாம் தடவையில் தேறி, அதற்குப் பிறகு பியூட்டி ஸ்கூலில் சேர்ந்தேன். உரிமத் தேர்வில் ஒரு பிளாஸ்டிக் தலைக்கு முடி வெட்டவேண்டும். கத்தரி தவறி அதன் காதில் பட்டுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், ரத்தம் வந்ததாகவே பாவித்து, கையுறை மாட்டி, மருந்து தடவி, பிளாஸ்டர் ஒட்டினேன். தேர்வு நடத்திய பெண்மணி ஏதோ எழுதிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த கடிதத்தில் பாஸ் என்று இருந்தது. வெட்டியதற்குக் கொடுத்தார்களா, பிளாஸ்டர் ஒட்டியதற்குக் கொடுத்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

அந்த உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐசலினில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஒவ்வொரு பார்லராக ஏறி இறங்கினேன். புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பார்லரில்தான் ஆன்ட்டி என்னைப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என் கையில் நூலைக் கொடுத்துத் தன் புருவத்தையே காட்டினார். முடிந்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துரு கண்ணு" என்றார்.

என் கணவர் பயிற்சிக்குப் போனார். பிறகு கொரியாவுக்குப் போனார். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம் அது. ஒரு வருடம் என்றார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் நீண்டது. பிஸ்கட்டவே அபார்ட்மென்ட்டில் நான் தனியாக இருப்பதைக் கேள்விப்பட்டதும் ஆன்ட்டி விடவில்லை.

"ஒத்தையில இருந்துட்டு எதுக்கு வாடகையக் கொட்டி அழுவற? எங்கூட்ல மாடி ரூமு சும்மாதான கெடக்குது. வந்துரு."

சம்பளம் பற்றியும் அவர்தான் சொன்னார். "மாசம் நானூறு வெச்சுக்கலாம். சாப்பாடு, ரூமெல்லாம் நம்முளுது. ஆனா பணத்த உங்கையில குடுத்தேன்னா, நீ பயந்துக்கிட்டே தலகாணிக்கடியில வெச்சுட்டுத் தூங்காம கெடப்ப. எங்கிட்டவே இருக்கட்டும். போறப்ப மொத்தமா வாங்கிக்க."

அவர் சொன்னது உண்மைதான், தலையணைக்கடியில்தான் வைத்திருப்பேன். அதனால் சரி என்றேன். வாடிக்கையாளர்கள் கொடுக்கும் டிப்ஸ் மட்டும் என் கைக்கு வந்தது, அதில் என் செலவு நடந்தது. இருபத்தாறு மாதம் இப்படிப் போயிற்று. சனிக்கிழமைகளில் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். மாலை ஏழு மணிக்குக் கடையை மூடிவிட்டு, ஆன்ட்டி வீட்டில் இருவரும் சேர்ந்து சமைப்போம். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர் ரசம் வைத்துத் தருவார். அவர் முட்டி வலிக்கு நான் தைலம் தேய்த்துவிடுவேன். இதில் எது வேலை, எது வேலை இல்லை என்று எனக்கு அப்போது கேள்வியே வரவில்லை.

என் கணவருக்கு டெக்சஸ் மாற்றல் வந்தது. புறப்படுகிற அன்று ஆன்ட்டி என் கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டார், ஒரு பட்டுப்புடவை கொடுத்தார், விமான டிக்கெட்டையும் அவரே எடுத்திருந்தார். இருவரும் அழுதோம். நானூறு டாலர் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கழுத்தில் சங்கிலி போட்டுவிடுகிறவரிடம் சம்பளம் எங்கே என்று எப்படிக் கேட்பது? அந்தச் சங்கிலிதான் சம்பளமோ என்று விமானத்தில் ஏறியபிறகு தோன்றியது. அப்படியென்றால் அவ்வளவு அழுதிருக்க வேண்டாமோ என்றும் தோன்றியது.

டெக்சஸ் வந்தபிறகுதான் ஒன்று தெரிந்தது. என் கணவருடைய வேலை அவரோடு வந்துவிட்டது. பதவி, சம்பளம், விடுப்பு எல்லாமே அப்படியே. என் வேலை மாநில எல்லையிலேயே இறங்கிக்கொண்டது. எதிர்ப் பார்லரை நடத்தியவர் ஒரு கொரிய அம்மாள். ஓய்வுபெற்ற பட்டாளக்காரரின் மனைவி. அவர் என் நியூ ஜெர்சி உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இது நல்ல காகிதம். இங்க இது காகிதம் மட்டும்தான். என் புருஷனுக்கு மூணு மாநிலம், எனக்கு மூணு தடவ ஸ்கூல். பட்டாளத்துப் பொண்டாட்டின்னா அப்படித்தான்."

"முடி ஒரே முடிதானே" என்றார் என் கணவர். "டெக்சஸ்ல என்ன வேற மாதிரியா முளைக்குது?"

"முடி ஒண்ணுதான். ஃபாரம் வேற" என்றார் அந்த அம்மாள்.

மறுபடி ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். வேறு மாநிலத்தில் உரிமம் வாங்கி, அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால், அதற்கு அத்தாட்சி காட்டினால் போதும். எனக்கு உயிர் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேலேயே பார்த்திருக்கிறேனே. அன்றைக்கே ஐசலினுக்கு போன் போட்டு, நான் வேலை பார்த்ததாக ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

"இதென்ன பெரிய விசியம். ஒசத்தியா எழுதி அனுப்பறேன் பாரு" என்றார் ஆன்ட்டி.

கல்லூரியில் படிக்கிற தன் மகளை உட்காரவைத்து, அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறாள். தேதியெல்லாம் போடவேண்டாமா என்று அவள் கேட்டாளாம். "தேதி கெடக்கட்டும், கொணத்தப் பத்திப் போடு" என்றாராம். இது பிறகு எனக்குத் தெரியவந்தது.

கடிதம் வந்த அன்று என் கணவர் அதை எனக்குப் படித்துச் சொன்னார். நான் இந்தப் பெண்ணை ஒருநாளும் வேலைக்காரியாக நடத்தியதில்லை. அவள் என் வீட்டில் என் மகள் மாதிரி இருந்தாள், என் மேசையில் சாப்பிட்டாள். இரண்டு வருடத்துக்கு மேலாகியும் சம்பளம் என்று ஒரு டாலர் கேட்டதில்லை. பணத்தாசை இல்லாதவள். இப்படிப்பட்டவளுக்கு உரிமம் கொடுப்பது உங்கள் மாநிலத்துக்குத்தான் பெருமை. இப்படி ஒரு பக்கம் முழுக்க. என்னைப் பற்றி யாரும் இவ்வளவு எழுதியது இல்லை. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஃபைலில் வைத்தபோது மூன்று காகிதத்திலும் இதுதான் பலமானது என்று நினைத்து, மேலே வைத்தேன்.

ஆகவே, அந்த அறை. எங்கள் எண் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் நியூ ஜெர்சியிலிருந்து வந்த சான்றைப் பார்த்தார், சரி என்றார். விண்ணப்பத்தைப் பார்த்தார், சரி என்றார். ஆன்ட்டியின் கடிதத்தைப் படிக்கும்போது மூக்குக்கண்ணாடியை ஒருமுறை கழற்றி, மறுபடி மாட்டினார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ஹனி, இவங்க உங்க அம்மாவா?"

"இல்ல."

"மாமியாரா?"

"இல்ல."

"சொந்தமா?"

"இல்ல. பார்லர் ஓனர்."

"மகள் மாதிரின்னு எழுதியிருக்காங்களே."

"ஆமா, அப்படித்தான் பாத்துக்கிட்டாங்க."

"சம்பளம் வாங்கினதே இல்லன்னும் எழுதியிருக்காங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாங்கினேன் என்று சொன்னால் ஆன்ட்டி எழுதியது பொய் என்று ஆகும். வாங்கவில்லை என்று சொன்னால் நான் வேலை பார்த்தது பொய் என்று ஆகும். இரண்டில் எதைச் சொன்னாலும் அரசாங்க அலுவலகத்தில் பொய் சொன்னதாகி, கிரீன் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, என் கணவரையும் பட்டாளத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று, அந்த ஒரு நொடிக்குள் அவ்வளவு தூரம் போய்விட்டேன்.

"தருவாங்க. வெச்சிருக்காங்க" என்றேன்.

"எதை வெச்சிருக்காங்க?"

"சம்பளத்த."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "நீங்க அங்க வேலை பார்த்திருக்கலாம். எனக்கு அதுல சந்தேகம் இல்ல. ஆனா இந்தக் கடிதம் என்ன சொல்லுதுன்னா, ஒரு குடும்பம் உங்களைச் சேர்த்து வெச்சுக்கிட்டாங்க, நீங்க வீட்டு வேலைல கூடமாட உதவி செஞ்சீங்கன்னு சொல்லுது. அது நல்ல விஷயம். அது வேலை கணக்குல வராது."

அது வராவிட்டால் நியூ ஜெர்சி ஸ்கூலில் படித்த மணிநேரம் மட்டும்தான் மிஞ்சும். டெக்சஸ் கணக்குக்கு அது போதாது. பாக்கி மணிநேரத்துக்கு ஸ்கூலுக்குப் போகவேண்டும், மறுபடி பிளாஸ்டிக் தலை, மறுபடி தேர்வு. அல்லது வேறு கடிதம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன சம்பளம் பேசியது, நோட்டரி கையெழுத்தோடு. "மாசக் கடைசி வரைக்கும் உங்க ஃபைல மூடாம வெச்சிருக்கேன்" என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்களைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்று சொன்னார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி என்றேன்.

நகம் செய்கிற பெண் எழுந்து எங்கள் இடத்துக்குப் போனாள். போகும்போது, "நானும் பட்டாளத்துப் பொண்டாட்டிதான், லைசன்சுக்கு இது ரெண்டாவது தடவ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பும்போது ஃப்ரீவே முழுக்க என் கணவர் பேசிக்கொண்டே வந்தார். "இருபத்தாறு மாசம் வேலை வாங்கிட்டு, பணத்தாசை இல்லாதவன்னு சர்டிஃபிகேட் வேற. நீ சம்பளமே வாங்கலன்னு எனக்கு ஏன் சொல்லல?"

"வாங்கலன்னு இல்லங்க. அவங்ககிட்ட இருக்குன்னுதான்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கு வித்தியாசம் இருந்தது. பாதி வழிக்குமேல் எனக்கே வித்தியாசம் இருந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவரே ஆன்ட்டிக்கு போன் செய்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். சட்டம், சம்பளம், லேபர் ஆபீஸ் என்று ஏதேதோ சொன்னார். அப்புறம் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வெச்சிட்டாங்க" என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் நான் கூப்பிட்டேன். ஆன்ட்டி எடுத்தவுடனே, "பட்டாளத்துல சேந்தா அடுத்தவங்களக்கூட மெரட்டச் சொல்லித் தர்றாங்களாக்கும்?" என்றார்.

"அவரு கோவத்துல பேசிட்டாரு ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க."

"நீ சொல்லாமயா பேசுனாரு? சம்பளம்னு கேட்டுட்டியே கண்ணு. உன்னைய நான் வேலக்காரியாட்டமா வெச்சிருந்தேன்?"

"இல்ல ஆன்ட்டி. சம்பளம் வேணாம். சம்பளம் பேசினோம்னு எழுதினா போதும்."

"அப்படி எழுதுனா டாக்ஸ்காரன் வந்து வாசல்ல நிப்பான். ரெண்டு வருசத்துக்கு வரி, அவராதம், அது இதுன்னு. உனக்கு அதெல்லாம் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். என்னால் அவருக்குக் கஷ்டம் வரும் என்பது மட்டும் புரிந்தது. இந்த நாற்காலியே வேண்டாம், ஸ்கூலுக்கே போய்த்தொலைவோம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் தலை நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நான் பள்ளியிலிருந்து நின்றபோது, படித்தேன் என்பதற்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இப்போது இருபத்தாறு மாதம் வேலை பார்த்துவிட்டு, அதற்கும் காட்ட எதுவும் இல்லை.

"ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் உங்ககிட்ட வேலை பாத்தேனா, இல்லையா?"



"என்ன கேள்வி கேக்கற நீ? சனிக்கெழமன்னா நாப்பது புருவம். கல்யாண சீசன்ல கைய ஒதறிக்கூட நான் பாத்ததில்ல. நீ போனதுக்கப்புறம் மூணு பேர வெச்சுப் பாத்துட்டேன், உன்ற கையாட்டம் ஒண்ணும் அமையல."

"அதையே எழுதுங்க ஆன்ட்டி."

"அது எப்படிக் கண்ணு எழுதறது? அது வேற, இது வேற."

"எனக்கு எது வேற, எது இதுன்னே தெரியல ஆன்ட்டி."

அவர் அழுகிறாரா, மூக்கைச் சிந்துகிறாரா என்று தெரியவில்லை. கடையில் ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு எட்டு நாள் ஒன்றும் இல்லை. தபால்காரர் வருவதற்கு அரைமணி முன்னாலேயே நான் வெளியே போய் நின்றேன். முகாமில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்கு யாரோ போரிலிருந்து கடிதம் எழுதுவதாக நினைத்திருப்பார்கள். எதிர்ப் பார்லரில் ஒருநாள் வேறொரு பெண் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொரிய அம்மாள் என்னைக் கண்ணாடி வழியே பார்த்து, சுவரில் இருந்த காலண்டரைக் கையால் காட்டினார். ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் கூரியரில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே ஆன்ட்டியின் கணக்குப்பிள்ளை தட்டச்சு செய்த ஒரு கடிதம், நோட்டரி முத்திரையோடு. இதில் மகள் என்ற வார்த்தை எங்குமே இல்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, உரிமம் பெற்ற ஊழியராக, வாரம் ஐம்பது மணிநேரம். பேசிய சம்பளம், சாப்பாடும் அறையும் தவிர, மாதம் நானூறு டாலர். இருபத்தாறு மாதத்துக்கு 10,400 டாலர். அதில் தங்கச் சங்கிலிக்காக 1,260 கழிவு. விமான டிக்கெட்டுக்காக 215 கழிவு. கொரியாவுக்கு நான் பேசிய போன் கட்டணத்துக்காக 1,842 கழிவு. ஊழியருக்குத் தரவேண்டிய பாக்கி 7,083 டாலர். கீழே ஆன்ட்டியின் கையெழுத்து. செக் எதுவும் இல்லை.

பட்டுப்புடவை கணக்கில் இல்லை. அதை மட்டும் ஏன் விட்டார் என்று யோசித்தேன். கொரியாவுக்கு போன் பேசியபோதெல்லாம், "நல்லாப் பேசு, நம்மூட்டு போன்தான" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார். அந்தப் பில்களை அத்தனை நாளும் அவர் எடுத்து வைத்திருந்திருக்கிறார். அப்படியென்றால் ஆரம்பத்திலிருந்தே என்னை வேலைக்காரியாகத்தான் நினைத்தாரா? இல்லை, எனக்காகக் கணக்கு எழுத உட்கார்ந்தபோது, கணக்கு என்று வந்தால் எல்லாமே கணக்கு என்று ஆகிவிட்டதா?

என் கணவர் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்து போன் கட்டண வரியில் நின்றுவிட்டார்.

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்திரண்டு டாலருக்கு அப்படி என்ன பேசினோம்?"

"சாப்பிட்டியான்னு கேப்பீங்க."

"நீ?"

"சாப்பிட்டேன்னு சொல்வேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாளே ஆஸ்டின் போனோம். அதே அம்மாள்தான். படித்து முடித்துவிட்டு, "இதுதான் எனக்கு வேணும்" என்றார். நான் பயந்துகொண்டே கேட்டேன், பணம் கைக்கு வரவில்லையே, அது பரவாயில்லையா என்று.

"ஹனி, கடன் பாக்கின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. வேலை பார்க்காத ஆளுக்கு யாரும் பாக்கி வெக்க மாட்டாங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, இந்தப் பணத்தை வாங்க நியூ ஜெர்சியில் தனியாக ஒரு அலுவலகம் இருக்கிறது, எண் வேண்டுமா என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரமாக ஆட்டினேன் என்று எனக்கு இப்போதும் சரியாகத் தெரியாது. உரிமம் வரும்வரை வேலை பார்க்க ஒரு தற்காலிகச் சீட்டைக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொரிய அம்மாளிடம் காட்டியபோது ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அவர் நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கிவைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஆன்ட்டி கூப்பிட்டார்.

"வந்துருச்சா?"

"வந்துடுச்சு ஆன்ட்டி."

"கண்ணாடி போட்டு மாட்டி வெய்யி. அங்க வெயிலு சாஸ்தியாமே, கைக்கு ஏதாச்சும் தடவிக்க. கையிதான் உனக்கு."

வரிக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டேன். "வந்தா வர்றாங்க, உனக்கெதுக்கு?" என்றார். அவர் அபராதம் கட்டியதாகப் பிறகு வேறு ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். எவ்வளவு என்று தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது. நாங்கள் பழையபடி மாதம் ஒருமுறை பேசிக்கொண்டோம். முட்டி வலி, கடையில் புதிதாக வந்த பெண்கள், அவர் மகளின் படிப்பு எல்லாவற்றையும் பேசுவோம். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டாயிரத்தில் என் கணவர் பட்டாளத்தை விட்டு, கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் ஒரு கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். எனக்கு அது மூன்றாவது மாநிலம், மூன்றாவது ஃபாரம். இந்த முறை கொரிய அம்மாள் கொடுத்த சம்பளச் சீட்டுகள் ஒரு ஷூ பெட்டி நிறைய இருந்தன. கவுன்டரில் இருந்தவர் மேலே இருந்த நான்கைந்தைப் பார்த்துவிட்டுப் போதும் என்றார். மூடியைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். அவற்றில் ஒன்றில்கூட நான் நல்லவள் என்று இல்லை.

நடுவில் ஒரு தீபாவளிக்கு ஆன்ட்டியிடமிருந்து ஒரு செக் வந்தது. ஐந்நூறு டாலர். எதற்காக என்று எழுதும் இடத்தில் தீபாவளி என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அது பரிசா, பாக்கியில் ஒரு பகுதியா என்று நானும் என் கணவரும் அன்று முழுக்கப் பேசினோம். பரிசு என்றால் கழிக்கக்கூடாது. பாக்கி என்றால் தீபாவளி என்று எழுதியிருக்கமாட்டார். அவரிடமே கேட்டிருக்கலாம். போனில் நன்றி என்று சொன்னபோது அவர், "சேலை எடுத்துக்க" என்றார். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

என் கணவர் கழிக்கவேண்டாம் என்கிறார். நான் கழித்துத்தான் வைத்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு ஆன்ட்டி எனக்குத் தரவேண்டியது 6,583 டாலர்.